முதல் வாட்டர் கூலிங் சுற்று: நீர் வெளியேறும் வழியிலிருந்து தொடங்குங்கள்

மேசைக் கணினிக்குப் பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, சூட்டைக் குழாய்களில் ஓடும் நீரால் வெளியேற்றும் வாட்டர் கூலிங் சுற்று அமைக்க விரும்புவோர் பெரும்பாலும் குழாயின் வளைவுகளையும், உள்ளே ஓடும் திரவமான கூலன்டின் நிறத்தையும் மனத்தில் வைத்தே வேலையைத் தொடங்குகிறார்கள். உள்ளே ஊற்றும் நீர் ஒரு நாள் வெளியே வந்தாக வேண்டும் என்பதும், அதற்கான வழியை முன்பே அமைத்திருக்க வேண்டும் என்பதும் பின்னால்தான் நினைவுக்கு வருகின்றன. என் முதல் சுற்றில் வடிகால் வைக்கவில்லை. கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் இருந்த எம்.2 எஸ்எஸ்டி எட்டாம் மாதத்தில் பழுதானது. அதன் ஒற்றைத் திருகைக் கழற்றுவதற்காகக் கேபினெட்டை இருவர் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, ஒரு குழாயை உருவி, வந்த நீரைக் கிண்ணத்தில் ஏந்த வேண்டியிருந்தது. கிண்ணத்துக்குத் தப்பிய நீர், கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இறங்கியதால் அதையும் மாற்ற நேர்ந்தது. அதன் பிறகு நான் அமைத்த ஒவ்வொரு சுற்றையும் வடிகாலிலிருந்தே வரையத் தொடங்கினேன்.

பேச்சு பொதுவாகப் போய்விடாமல் இருக்க, ஒரு குறிப்பிட்ட கணினியை எடுத்துக்கொள்வோம். பிராசசர் ரைசன் 9 7950எக்ஸ். கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 4080. முன்னது முழுப் பளுவில் 230 வாட் வரையும், பின்னது 320 வாட் வரையும் மின்சாரம் இழுக்கும். இழுத்த மின்சாரம் அனைத்தும் வெப்பமாகத்தான் வெளிவருகிறது என்பதால், இந்தச் சுற்று மிக மோசமான நேரத்தில் 550 வாட் வெப்பத்தைக் கேபினெட்டுக்கு வெளியே தள்ள வேண்டும். விளையாடும்போது பிராசசர் 100 வாட்டைத் தாண்டுவது அரிது. ஆகவே நடைமுறையில் 400 வாட் அளவில்தான் நிற்கும். ஆனாலும் கணக்கைப் பெரிய எண்ணுக்கே போடுங்கள்.

எவ்வளவு பயன் கிடைக்கும் என்பதையும் பணம் செலவழிக்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. 7950எக்ஸ்ஸின் கோர்கள் அமைந்த சிலிக்கான் துண்டுகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 70 சதுர மி.மீ. பரப்பே உள்ளவை; அவற்றின் மேல் தடித்த உலோக மூடியும் இருக்கிறது. அவ்வளவு சிறிய இடத்திலிருந்து வெப்பத்தை மூடி வழியாக வெளியே இழுப்பதுதான் தடையே தவிர, அதன் பிறகு நீர் அதை எடுத்துச் செல்வதில் சிரமம் இல்லை. எனவே எல்லாக் கோர்களும் ஓடும் வேலையில் இந்தப் பிராசசர் வாட்டர் கூலிங்கிலும் 90 டிகிரியை நெருங்கலாம். அது 95 டிகிரி வரை இயங்கும்படி வடிவமைக்கப்பட்டதுதான். கிராபிக்ஸ் கார்டின் சிப்போ 379 சதுர மி.மீ. பரப்புள்ளது, மூடியும் இல்லை. நீரோடும் உலோகக் கட்டியான பிளாக் நேரடியாகச் சிப்பின் மேல் உட்காருவதால் அங்கே வெப்பநிலை கண்கூடாகக் குறையும், இரைச்சலும் அடங்கும். முதல் சுற்றில் பிராசசரை மட்டும் சேர்த்துவிட்டுக் கிராபிக்ஸ் கார்டைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: செலவழிப்பதானால் கார்டையும் சேர்த்தே செலவழியுங்கள், பயன் அங்கேதான் இருக்கிறது.

ரேடியேட்டர் கணக்கு

நீரின் வெப்பத்தைக் காற்றுக்கு மாற்றுவது ரேடியேட்டர். அதன் விசிறிகள் நிமிடத்துக்கு 1,000 முதல் 1,200 சுற்று வரை மிதமாக ஓடும்போது, 120 மி.மீ. விசிறி ஒன்றுக்கான ரேடியேட்டர் பரப்பு ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியேற்றும் என்றும், அப்போது நீரின் வெப்பநிலை உள்ளே வரும் காற்றைவிட 10 டிகிரி அளவுக்கு உயர்ந்து நிற்கும் என்றும் வைத்துக்கொள்வது நடைமுறைக் கணக்கு. நம் கணினிக்கு 360 மி.மீ. ரேடியேட்டர் ஒன்றும் 240 மி.மீ. ரேடியேட்டர் ஒன்றும் சேர்ந்தால் ஐந்து விசிறிப் பரப்பு கிடைக்கிறது. 550 வாட்டுக்கு நீர் அறையைவிட 11 டிகிரி அளவு சூடேறும். விளையாட்டின்போது 8 டிகிரி. இது போதுமானது. பெரிய ரேடியேட்டரை முன்பக்கத்தில் வைத்து வெளிக்காற்றை உள்ளே இழுக்க விடுங்கள். மேலே வைக்கும் சிறியதற்கு உள்ளே ஏற்கெனவே சற்றுச் சூடேறிய காற்றே கிடைக்கும் என்பதால், அதனிடம் முழுக் கணக்கையும் எதிர்பார்க்கக் கூடாது.

நம் ஊர்க் கோடைக்கு இந்தக் கணக்கில் தனி இடம் உண்டு. எந்த ரேடியேட்டரும் நீரை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோகாது. மே மாதத்தில் ஏசி இல்லாத அறை 35 டிகிரியில் இருந்தால் நீர் 45, 46 டிகிரிக்குப் போகும். குளிர் நாடுகளில் 22 டிகிரி அறையில் எடுத்த அளவுகளை வைத்துக்கொண்டு ஒரே ஒரு 240 மி.மீ. ரேடியேட்டரில் இரண்டு பாகங்களையும் அடக்கப் பார்த்தால், இங்கே நீர் 55 டிகிரியைத் தாண்டிவிடும். பம்புகளும் குழாய்களும் பொதுவாக 60 டிகிரி வரைதான் தாங்கும்படி செய்யப்படுகின்றன. சூடாக்கி வளைத்து வடிவம் கொடுக்கும் பெட்ஜி வகைக் கடினக் குழாய் அந்த அளவை நெருங்கும்போதே இளகத் தொடங்கி, இணைப்பின் பிடியிலிருந்து நழுவும் அபாயம் உண்டு. அக்ரிலிக் அதைவிடச் சற்றுத் தாங்கும். இருந்தாலும் முதல் சுற்றுக்கு இரண்டுமே வேண்டாம் என்பேன். மென்குழாயில் பிழையாக வெட்டிய துண்டை அரை நிமிடத்தில் மாற்றலாம். கடினக் குழாயில் ஒவ்வொரு திருத்தமும் புதிய வளைவு, புதிய அளவு, புதிய கவலை.

பாகங்கள் வாங்கும்போது

எல்லாவற்றுக்கும் முந்திய விதி உலோகம் பற்றியது. பிளாக்குகள் செம்பினாலோ நிக்கல் முலாம் பூசிய செம்பினாலோ செய்யப்பட்டிருக்கும். நல்ல ரேடியேட்டர்கள் செம்பும் பித்தளையும் கொண்டவை. இவற்றோடு ஒரே நீரில் அலுமினியம் சேர்ந்தால் அந்த நீர் மின்பகுதிரவமாகி, அலுமினியத்தைச் சிறிது சிறிதாகக் கரைத்துவிடும். கரைந்தது வெள்ளைப் படிவாக மாறிப் பிளாக்கின் நுண்ணிய துடுப்புகளுக்கிடையே அடைத்துக்கொள்ளும். விலை மலிவாகத் தெரியும் ரேடியேட்டர் பலவும் அலுமினியம்தான். விவரப் பட்டியலில் உலோகத்தின் பெயர் இல்லை என்றால் அதை வாங்காதீர்கள். கசிவைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். கசிவு கண்ணுக்குத் தெரியும். உள்ளே நடக்கும் அரிமானம் ஓராண்டு வரை தெரியாது, தெரியும்போது பிளாக் போயிருக்கும்.

பம்பில் டி5 என்ற வகையையே பரிந்துரைக்கிறேன். வேகத்தைக் குறைத்து ஓட்டினால் இரைச்சல் ஏறத்தாழ இல்லை, ஆண்டுக்கணக்கில் ஓடும். அதன் தாங்கிக்கு உயவும் குளிர்ச்சியும் ஓடும் நீரிலிருந்தே கிடைக்கின்றன என்பதால், நீரில்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட விடக் கூடாது. பம்பும், நீர் நிற்கும் தொட்டியான ரிசர்வாயரும் ஒன்றாக இணைந்த பாகமாக வாங்கினால், தொட்டிக்குக் கீழே பம்பு, பம்புக்கு எப்போதும் நீர் என்ற ஏற்பாடு தானாகவே அமைந்துவிடும்.

பாகங்களின் வரிசையைப் பற்றிப் புதியவர்கள் மிகவும் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன். பிராசசருக்கும் கார்டுக்கும் நடுவே ஒரு ரேடியேட்டர் இருந்தாக வேண்டும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தக் கவலை நீங்கும். நிமிடத்துக்கு 4 லிட்டர் நீர் ஓடும் சுற்றில் 550 வாட் முழுவதும் ஏறினாலும், அந்த நீர் 2 டிகிரிக்கு மேல் சூடேறாது. அதாவது சுற்றின் மிகச் சூடான இடத்துக்கும் மிகக் குளிர்ந்த இடத்துக்கும் உள்ள வேறுபாடே அவ்வளவுதான். எனவே குழாய் எந்த வழியில் குட்டையாகவும் மடங்காமலும் போகிறதோ அந்த வரிசையே நல்ல வரிசை. ரிசர்வாயரிலிருந்து நீர் நேராகப் பம்புக்குள் இறங்க வேண்டும், பிராசசர் பிளாக்கில் உள்வழி என்று குறித்த துளையில்தான் நீர் நுழைய வேண்டும் என்ற இரண்டை மட்டும் மாற்றக் கூடாது.

குழாயின் உள்விட்டமும் வெளிவிட்டமும், குழாயைப் பாகத்தோடு இணைக்கும் ஃபிட்டிங்கில் எழுதியிருக்கும் இரண்டு எண்களோடும் பொருந்த வேண்டும். 10/16 என்றால் உள்ளே 10 மி.மீ., வெளியே 16 மி.மீ. இந்தத் தடிப்புக் குழாய் 10/13-ஐவிடக் குறைவாகவே மடங்குகிறது. பொருளில் ஈபிடிஎம் ரப்பர் குழாயைத் தேர்ந்தெடுங்கள். ஒளிபுகும் பிவிசி குழாயை மென்மையாக்கச் சேர்த்த பொருள் நாளடைவில் கசிந்து, குழாயை மங்கலாக்குவதோடு பிளாக்கிலும் பசைபோலப் படியும். கறுப்பு ரப்பர் குழாயில் நீர் தெரியாது என்பது சிலருக்குக் குறையாகப் படலாம். எனக்கு அது குறையே இல்லை.

ஃபிட்டிங்குகளின் மரை ஏறத்தாழ எல்லாத் தயாரிப்பிலும் ஜி 1/4 என்ற ஒரே அளவுதான். ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு வீதம், ஐந்து பாகங்களுக்குப் பத்து வேண்டும். இவற்றோடு திரும்பக்கூடிய 90 டிகிரி முழங்கை இரண்டு மூன்று, மூடும் தக்கைகள் சில, மாற்று ஓ-ரிங்குகள் (நீரை அடைக்கும் ரப்பர் வளையங்கள்) ஒரு பொட்டலம் ஆகியவற்றையும் ஒரே நேரத்தில் வாங்கிவிடுங்கள். இவை பக்கத்துக் கடையில் கிடைப்பவை அல்ல. ஒரு தக்கை குறைந்தாலும் வேலை நாள்கணக்கில் நின்றுபோகும்.

வடிகாலுக்கு வேண்டியவை மூன்று: மும்முனை இணைப்பு ஒன்று, பந்து வால்வு ஒன்று, வால்வின் வாயில் இறுக்கும் தக்கை ஒன்று. இது சுற்றின் மிகத் தாழ்ந்த இடத்தில் அமைய வேண்டும். பம்பின் அடியில் உபயோகிக்காத துளை இருந்தால் அதுவே சிறந்த இடம். வால்வில் குழாய்த்துண்டு ஒன்றை மாட்டினால் அதன் மறுமுனை கேபினெட்டுக்கு வெளியே வாளிக்குள் இறங்குமா என்பதை, மற்ற எதையும் பொருத்தும் முன்பு கையால் பிடித்துப் பார்த்துவிடுங்கள். நீர் வடிய வேண்டுமானால் மேலிருந்து காற்று நுழைய வேண்டும். ஆகவே ரிசர்வாயரின் மேல்மூடி கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதும் வடிகாலின் ஒரு பகுதியே.

பொருத்துவதற்கு முன்

கணினியை முதலில் சாதாரண ஏர் கூலரோடு இயக்கி, சில நாட்கள் பயன்படுத்துங்கள். ரேம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு ஏதேனும் பழுதென்றால் நீர் ஊற்றுவதற்கு முன் தெரியட்டும். கார்டுக்கான பிளாக்கை வாங்கும்போது சிப்பின் பெயர் மட்டும் பொருந்தினால் போதாது. ஒரே 4080-ஐ வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு சர்க்யூட் போர்டில் செய்கின்றன. உங்கள் கார்டின் முழு மாடல் பெயர், பிளாக் தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலில் இருக்க வேண்டும். கூலரைக் கழற்றினால் உத்தரவாதம் என்னவாகும் என்பதையும் விற்றவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பிளாக்கோடு வரும், வெப்பம் கடத்தும் மென்பட்டைகளான தெர்மல் பேடுகள் 0.5, 1, 1.5 மி.மீ. எனப் பல தடிப்புகளில் இருக்கும். எந்த இடத்துக்கு எது என்பதைக் கையேட்டில் பார்த்து அப்படியே வையுங்கள். தடிப்பான பேடைத் தவறான இடத்தில் வைத்தால் பிளாக் சிப்பின் மேல் முழுதாக உட்காராது.

ரேடியேட்டருக்குள் தயாரிப்பின்போது பற்றவைத்த பிசிறும் பசையும் தங்கியிருக்கும். வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீரை முக்கால் பங்கு ஊற்றி, துளைகளைத் தக்கையால் மூடி, இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி வெள்ளைப் பாத்திரத்தில் கொட்டுங்கள். பாத்திரத்தின் அடியில் துகள் எதுவும் தெரியாத வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். எனக்கு ஐந்தாறு முறை ஆகியிருக்கிறது. இந்த அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தியவர்கள் பிறகு பிளாக்கைப் பிரித்துப் பல்துலக்கியால் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

விசிறித் திருகுகளில் இன்னொரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. 25 மி.மீ. தடிப்புள்ள விசிறிக்கு ரேடியேட்டருடன் வரும் திருகு பெரும்பாலும் 30 மி.மீ. நீளம் இருக்கும். கேபினெட்டோடு நேராக இணைக்கும் இடத்தில் இதே நீளத் திருகைப் போட்டால், அது உள்ளே நீரோடும் தட்டைக்குழாயைத் துளைத்துவிடும். ஒவ்வொரு திருகையும் முதலில் கையால் சுற்றிப் பாருங்கள். எதிர்பார்த்ததற்கு மேல் உள்ளே போனால் நிறுத்திவிடுங்கள்.

பொருத்துதல்

பிராசசர் பிளாக்கின் திருகுகளைக் குறுக்குக் குறுக்காக, ஒவ்வொன்றையும் இரண்டு சுற்றாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். இந்தப் பிராசசர் உட்காரும் ஏஎம்5 வகை மதர்போர்டின் பின்தட்டு சாக்கெட்டையே தாங்கி நிற்பது. அதைக் கழற்ற வேண்டியதில்லை. ஃபிட்டிங்குகளை விரலால் இறுக்கினால் போதும். நீரை அடைத்து நிறுத்துவது ஓ-ரிங்கின் அழுத்தமே தவிர மரையின் இறுக்கம் அன்று. ஸ்பேனரால் இறுக்கினால் அக்ரிலிக் பிளாக்கில் விரிசல் விழும், ஓ-ரிங்கும் பிதுங்கும்.

குழாயைக் கணக்கிட்டதைவிட ஒரு செ.மீ. நீளமாக வெட்டி, பொருத்திப் பார்த்துப் பிறகு குறையுங்கள். வெட்டு நேராக இருக்க வேண்டும். சாய்வாக வெட்டிய முனை ஃபிட்டிங்கின் அடிவரை உட்காராது. இறுக்கு வளையத்தைக் குழாயில் மாட்டிய பிறகே குழாயைச் செருகுங்கள். தடித்த ரப்பர் எளிதில் ஏறாவிட்டால், முனையை வெந்நீரில் அரை நிமிடம் முக்கி எடுங்கள். கார்டு பிளாக்கின் பின்புறத் துளைகளில் தக்கை போடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பயன்படுத்தாத துளை ஒன்று திறந்தே கிடப்பதால் வரும் கசிவுகள் அதிகம்.

காற்றால் ஒரு சோதனை, நீரால் ஒரு சோதனை

அழுத்தமானி பொருத்திய சிறிய கைப்பம்பு ஒன்று வாங்குங்கள்; சுற்று முழுவதற்கும் செலவழிக்கும் பணத்தில் இது சிறு பங்குதான். சுற்றுக்குள் 0.3 முதல் 0.5 பார் வரை காற்றை ஏற்றி, முள்ளைக் கவனியுங்கள். பாகங்களின் கையேடு இதற்குக் குறைந்த வரம்பைச் சொன்னால் அதையே பின்பற்ற வேண்டும். மென்குழாய் சற்று விரிவதால் முதல் ஒன்றிரண்டு நிமிடங்களில் முள் கொஞ்சம் இறங்கும். மீண்டும் ஏற்றுங்கள். அதன் பிறகு அரை மணி நேரம் முள் அசையாமல் நின்றால் சுற்று இறுகியிருக்கிறது. அசைந்தால் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரையைத் தூரிகையால் தொட்டுப் பார்க்கும் பழைய சைக்கிள் கடை முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்; மதர்போர்டு பக்கத்தில் இருக்கிறது. சுற்றைத் தக்கைகளால் பிரித்து, பாதிப் பாதியாகச் சோதித்துக் குறுக்கிக்கொண்டே போங்கள்.

நீர் ஊற்றும்போது பம்புக்கு மட்டுமே மின்சாரம் இருக்க வேண்டும். மதர்போர்டின் 24 முனை இணைப்பு, பிராசசரின் 8 முனை இணைப்பு, கார்டின் இணைப்பு ஆகிய அனைத்தையும் உருவிவிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸின் 24 முனையில் ஜம்பர் பிளக்கை மாட்டுங்கள். அது 16-ஆம் முனையைத் தரை முனையோடு இணைத்து எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாக இயங்க வைக்கிறது. கம்பியை வளைத்துச் செருகியும் இதைச் செய்கிறார்கள்; இன்று பல எஸ்எம்பிஎஸ்ஸில் எல்லாக் கம்பிகளும் கறுப்பாகவே வருவதால் முனை மாறிப்போக வாய்ப்புண்டு, பிளக்கே பாதுகாப்பு. ஒவ்வொரு இணைப்பின் கீழும் வெள்ளை டிஷ்யூ காகிதத்தைப் பரப்புங்கள். ரிசர்வாயரைப் புனலால் நிரப்பி, பம்பை மூன்று நான்கு விநாடி ஓட்டி நிறுத்தி, மட்டம் இறங்கியதும் மறுபடி நிரப்புங்கள். பம்பு காற்றை விழுங்கும் முன் நிறுத்த வேண்டும் என்பதற்காகத்தான் இந்த விட்டு விட்டு ஓட்டும் முறை. இந்த அளவுள்ள சுற்று ஒரு லிட்டரை ஒட்டிக் குடிக்கும். நிரம்பியதும் பம்பை ஓடவிட்டுக் கேபினெட்டை மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்தால், ரேடியேட்டரின் மூலைகளில் தங்கிய காற்று கரகரவென்ற ஒலியோடு வெளியேறும். குறைந்தது ஆறு மணி நேரம் இப்படியே ஓடட்டும். காகிதத்தில் ஈரப்புள்ளி எதுவும் இல்லையென்றால் மற்ற இணைப்புகளை மாட்டலாம்.

ஊற்றும் திரவத்தைப் பொறுத்தவரை, குழாய்நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் கூடவே கூடாது. அவற்றின் உப்பு துடுப்புகளில் படியும். பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரித் தண்ணீரின் தரம் ஆளுக்கு ஆள் மாறுவதால் அதையும் தவிர்க்கிறேன். அரிமானத்தையும் பாசியையும் தடுக்கும் பொருள் கலந்த, நிறமில்லாத, வாட்டர் கூலிங்குக்கென்றே விற்கப்படும் கூலன்ட் ஒன்றைத் தேர்ந்து, அதையே தொடர்ந்து பயன்படுத்துங்கள். இரண்டு தயாரிப்புகளைக் கலக்காதீர்கள். பால்போன்ற நிறமுள்ளவற்றில் மிதக்கும் துகள்கள் நாளடைவில் அடியில் தங்கும். மின்சாரம் கடத்தாத கூலன்ட் என்ற விளம்பரத்தை நம்பி அஜாக்கிரதையாக இருக்க வேண்டாம். எந்தத் திரவமும் உலோகங்களோடு சில வாரங்கள் ஓடிய பிறகு ஓரளவு கடத்தத்தான் செய்யும்.

எப்போதாவது கசிந்தால் சுவரில் உள்ள சுவிட்சை முதலில் அணையுங்கள். பிறகு மதர்போர்டிலுள்ள வட்ட பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். அணைத்த பிறகும் அது மின்னோட்டம் தந்துகொண்டிருக்கும். நனைந்த இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஓரிரு நாள் முழுதாக உலரவிட்ட பின்னரே மின்சாரம் கொடுக்க வேண்டும். மின்சாரம் இல்லாத நேரத்தில் நனைந்த பாகம் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

ஓடத் தொடங்கிய பிறகு

விசிறிகளின் வேகத்தைப் பிராசசரின் வெப்பநிலையோடு கட்டி வைத்தால், ஒரு நிரலைத் திறந்தாலே விசிறிகள் சீறி அடங்கும். சுற்றில் ஜி 1/4 மரையுள்ள நீர்வெப்ப உணரி ஒன்றைச் சேர்த்து, மதர்போர்டின் இரண்டு முனை இணைப்பில் மாட்டி, விசிறிகளை நீரின் வெப்பநிலைக்கு ஏற்ப ஓட விடுங்கள். நீர் 36 டிகிரி வரை நிமிடத்துக்கு 600 சுற்று, 46 டிகிரியில் முழு வேகம் என்பது நம் கோடைக்கு ஏற்ற தொடக்கம். மார்கழியில் இரண்டு எண்களையும் ஐந்தாறு டிகிரி குறைத்துக்கொள்ளலாம். முதல் வாரத்தில் காற்றுக்குமிழ்கள் வெளியேற வெளியேற ரிசர்வாயரின் மட்டம் இறங்கும். பிறகும் மாதத்துக்குச் சில மி.மீ. குறைவது இயல்பு, ரப்பர் வழியாக ஈரம் மெல்ல ஊடுருவுகிறது.

ஓராண்டு நிறைவதற்குள் ஒரு நாள் ஒதுக்கிச் சுற்றை வடித்துவிடுங்கள். கணினியை அணைத்து, வால்வில் குழாயை மாட்டி, மேல்மூடியைத் திறந்து, வால்வைத் திருப்பினால் பத்து நிமிடத்தில் பெரும்பகுதி வந்துவிடும். மிச்சத்துக்குக் கேபினெட்டைச் சற்றுச் சாய்த்தால் போதும். வந்த நீரில் கொஞ்சத்தைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால், காய்ச்சி வடித்த நீரால் ஒரு முறை அலசிப் புதிய கூலன்டை ஊற்றலாம். பச்சையோ நீலமோ ஏறியிருந்தால் செம்பு கரைகிறது; வழவழப்பாக இருந்தால் உள்ளே உயிரினம் வளர்ந்திருக்கிறது. இந்த இரண்டில் எது தெரிந்தாலும் பிராசசர் பிளாக்கைத் திறந்து துடுப்புகளைப் பார்த்த பிறகே மீண்டும் நிரப்புங்கள்.